மழைக்கு மண்ணைத் தெரியாது

பென்னாகரத்துக்குப் போகும் வழியில் இன்று காலை பெட்ரோல் போட நிறுத்தினேன். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கியதும் பங்க்கில் வேலை செய்யும் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னா சார், பேன்ட் சட்டையோட களை வெட்டவா போறீங்க?" என்றார். உன் களைக்கொத்து. காம்பில் நீ சுற்றிய நீல டேப்போடு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. "இல்லீங்க, சாப்ட்வேர் டெஸ்டிங்" என்றேன்.

இது என் பதில் இல்லை. அரூர் சாலையில் நம்மை நிறுத்திச் சோதனை போட்ட போலீஸ்காரரிடம் நீ முகம் மாறாமல் சொன்னது. அவர் உன்னை ஒருமுறை, களைக்கொத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "போம்மா, போ" என்றார். இன்று அக்காவும் அதே மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். பெட்ரோல் நாற்றத்தையும் மீறி அந்த இரும்பிலிருந்து மண் வாசனை வந்தது.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. நேராக அதைச் சொன்னால் "முன்கதை எங்கடா?" என்பாய். சரி, உன் வழியிலேயே வருகிறேன்.

தருமபுரியில் விதைக்கடைக்கு மேல்மாடி அறை. நீ வேளாண்மை படித்தவள், நான் கம்ப்யூட்டர். பெய்த மழையில் எவ்வளவு மண்ணில் நிற்கும், அந்த ஈரத்தில் பயிர் எப்படி வளரும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள் நம் வேலை. ஒவ்வொரு ஊருக்கும் முதலிலிருந்து எழுதுவது நம் இருவருக்குமே எரிச்சல். அதனால் தனித்தனித் துண்டுகளாக எழுதினோம். மழைக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று, பயிருக்கு ஒன்று. யாராக இருந்தாலும் வேண்டியதை எடுத்து, வேண்டாததைக் கழற்றிவிட்டு, தன்னுடையதை மாட்டி ஓட்டிக்கொள்ளலாம். நான் அதை 'காம்போனென்ட்' என்பேன். நீ 'பெட்டி' என்பாய். என்னை 'அவசரம்' என்பாய். பெயர் சொல்லி நீ கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் மாதையன் அண்ணன் கொல்லையில் நாம் நின்றது நினைவிருக்கிறதா? "நேத்து ஒரு ஒழவு மழைங்க" என்றார். நான் நோட்டைத் திறந்து, "எத்தனை மில்லிமீட்டருங்க?" என்றேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஒரு ஒழவு."

"ஒரு உழவுன்னா எவ்வளவு?"

அவர் உன்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, இவரு ஏர் ஓட்டுறதப் பாத்ததே இல்லியா?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் வரப்பில் நின்ற கொக்கு பறந்துவிட்டது. ஏர் ஓட்டும் ஆழத்துக்கு ஈரம் இறங்கினால் அது ஓர் உழவு மழை. வானத்திலிருந்து விழுந்ததை அவர்கள் மண்ணுக்குள் பார்த்துத்தான் அளக்கிறார்கள். நீ நின்று விளக்கினாய். நான் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மழைப் பெட்டிக்குள் 'உழவு' என்று ஓர் எண்ணை எழுதிப் பூட்டினேன். அவ்வளவு மழை பெய்தால் விதைக்கலாம் என்று மென்பொருள் சொல்லும். பாப்பிரெட்டிப்பட்டியில் மூன்று கொல்லைகளில் சரியாகச் சொன்னது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த மழைக்குச் சித்தேரி மலைக்குப் போனோம். மழைமானி அதே அளவைக் காட்டியது. மென்பொருள் "சாமை விதைக்கலாம்" என்றது. நாம் நின்ற சரிவு நிலத்துக்காரம்மா திரையையும் என்னையும் பார்த்தார். "இதா ஒழவு மழ? இது தூசி அடக்குற மழ தம்பி. உன் பெட்டி சொல்லுதுன்னு வெதச்சா எறும்புக்குத்தான் தீனி."

அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று நான் அவரோடு சண்டைக்கே போனேன். நீ களைக்கொத்தை என் கையில் கொடுத்தாய். கொத்தினேன். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே பொடி மண். தண்ணீர் சரிவில் ஓடிவிட்டிருந்தது.

"மழைக்கு மண்ணைத் தெரியாதுடா அவசரம். மழைப் பெட்டிக்குள்ள மண்ணை ஏன்டா போட்ட?" என்றாய்.

என் படிப்பில் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்: ஒரு பெட்டிக்கு அடுத்த பெட்டியின் சங்கதி தெரியக் கூடாது. பரீட்சையில் நன்றாக எழுதினேன். அதன் அர்த்தம் சித்தேரியில்தான் உறைத்தது. மறுநாள் உழவை மழையிலிருந்து பிடுங்கி மண் பெட்டிக்கு மாற்றினேன். மழை தன் அளவை மட்டும் சொல்லும், எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மண் சொல்லும். மலைக்கும் சமவெளிக்கும் அதே மழைப் பெட்டி ஓடியது. நீ கடலை மிட்டாய் வாங்கி வந்தாய்.

உனக்கு அதுவும் போதவில்லை. "நம்மளக் கேக்காம எவனாவது எடுத்து ஓட்டணும். போன் வரவே கூடாது. அப்பதான் இது பெட்டி. அதுவரைக்கும் இது நம்ம பின்னாலயே வர்ற வாலு" என்றாய். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பெட்டிகளை விளக்கக் குறிப்போடு இணையத்தில் போட்டோம். சுவரில் ஆணி அடித்து, நூலில் பென்சில் கட்டித் தொங்கவிட்டாய். சந்தேகம் கேட்டு ஒரு போன் வந்தால் சுவரில் ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டுக்கும் விளக்கக் குறிப்பில் ஒரு வரி எழுதியாக வேண்டும்.

"புரோகிராமைப் படிச்சாலே புரியுமே, எதுக்குக் குறிப்பு?" என்றேன்.

"உன் புரோகிராமைப் படிக்கணும்னா உன்னையும் கூடவே பார்சல் அனுப்பணும்டா."

முதல் நாளே ஏழு கோடு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ கேட்டது இதைத்தான்: "இன்னைக்கு எத்தனை கோடு?" மூன்று என்றேன். "பரவால்ல, குறையுது" என்றாய். காமாலை என்று சேர்த்து, கல்லீரல் என்று சொல்லி, இரண்டே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

அதன் பிறகு கோடுகள் குறைந்தன. பிறகு நின்றே போயின. நான் சந்தோஷப்படவில்லை. போன் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எல்லாம் புரிகிறது, அல்லது யாரும் தொடவே இல்லை. இரண்டாவதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். உன் பெட்டிகள் உன்னோடு போய்விட்டன என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது செய்தி. பென்னாகரத்தில் இன்று ஆடு வளர்ப்பவர்களின் கூட்டம். லேசான கன்னட வாடையோடு தமிழ் பேசும் ஒரு பெண், எந்த மேட்டில் எப்போது புல் வரும் என்று லேப்டாப்பில் காட்டிக்கொண்டிருந்தார். அட்டவணையில் ஒரு பத்தியின் தலைப்பைப் பார்த்தேன். 'உழவு'.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனேன். நம் மழைப் பெட்டி. நம் மண் பெட்டி. பயிர்ப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் புல் பெட்டியை மாட்டியிருக்கிறார்!

"ஏங்க, எங்களுக்கு ஒரு போன்கூடப் பண்ணலியே?" என்றேன். சண்டை போடுவது போலத்தான் கேட்டிருக்கிறேன். அவர் பயந்துவிட்டார்.

"எதுக்குங்க போன்? அதான் எல்லாம் எழுதியிருக்குதே."

"ஒரு சந்தேகம்கூட வரலியா?"

"மொதல்ல மழைக்குள்ளயே மண்ணையும் சேத்துடலாம்னுதான் பாத்தேன். மேலேயே அவசரம்னு போட்டு எச்சரிக்கை இருந்துச்சி. அவசரம்னா மொதல்ல படிக்கணுமில்லீங்ளா? படிச்சேன், விட்டுட்டேன்."

திரையில் காட்டினார். நீ எழுதிய வரி: "அவசரம்: மழைக்கு மண்ணைத் தெரியாது. இங்கே மண்ணைப் போடாதே. நம்பாவிட்டால் கொத்திப் பார்."

என்னைத் திட்டி எழுதினாய். வெளியே போகும் குறிப்பில் இது என்ன விளையாட்டு என்று மூன்று முறை அழிக்கப் போனேன். மூன்று முறையும் உனக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

"அவசரம் நான்தாங்க" என்றேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் ஆட்டுக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் முன்னால் அங்கே மழை. வண்டியிலிருந்து களைக்கொத்தை எடுத்து வந்து, பெட்டி சொன்ன மேட்டில் கொத்தினேன். சொன்ன ஆழம் வரைக்கும் ஈரம்.

அறைக்குத் திரும்பிவிட்டேன். களைக்கொத்தைக் கழுவவில்லை. பென்னாகரத்து மண்ணோடு சீட்டுக்கு அடியில் கிடக்கட்டும். நீ என்னைத் திட்டிய வரியும் குறிப்பில் அப்படியே இருக்கும். பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இன்று போடுவதற்குக் கோடு எதுவும் இல்லை.