மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை

என் இறால் வாசனைக்காரி அம்மாவுக்கு,

நீ போன பிறகு எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். மருந்தைச் சுமந்துபோகும் உருண்டைகள் செய்கிறோம், கண்ணுக்கே தெரியாது. வீங்கிய மூட்டில் தங்கி, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் கசியவிடும். வயிறு புண்ணாகாது, எலும்பு அரிக்காது. முடக்குவாதத்துக்காகத்தான். உன் நோய்க்காகத்தான்.

போன வாரம் எங்கள் மருந்து போட்ட ஓர் எலியின் எக்ஸ்ரே வந்தது. மூட்டெலும்பு முழுசாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு உன் எக்ஸ்ரே ஞாபகம் வந்தது. கறையான் அரித்த கதவு மாதிரி உன் விரல்கள். எலிக்குக் கிடைத்தது உனக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்தக் காலைகளை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? விடிந்தால் உன் கை மடங்காது. புடவைக் கொசுவத்தை நான்தான் சொருகிவிடுவேன். ஏழு மணிக்குக் காசிமேட்டு முனையில் எண்ணூர் இறால் கம்பெனி வேன் வரும். ஐஸ் தண்ணீரில் கைவிட்டு உரிக்கிற வேலை. வேனை விட்டவளுக்கு அன்றைக்குக் கூலி இல்லை.

மருந்துக்கடையில் அட்டையை வெட்டி, பேரில்லாத துண்டாக வலி மாத்திரை கொடுப்பார்கள். அது வேலைசெய்ய நேரமெடுத்தது.

"இன்னாடி இது, கார்ப்பரேஷன் ஆளு மாதிரி மத்தியானமா வேலைக்கு வருது?" என்று சிரித்தாய். பிறகு குரல் இறங்கியது. "நசுக்கிக் குடுடி. வேன் பூடும்."

டம்ளர் அடியால் நசுக்கி டீயில் கலக்கினேன். அரைமணியில் விரல் மடங்கியது. நாம் இருவரும் பெரிய கெட்டிக்காரிகள் என்று நினைத்துக்கொண்டோம். மாசக்கணக்கில் நசுக்கினேன். வயிறு எரியுது என்றாய், மோர் கொடுத்தேன். ஒருநாள் கம்பெனியில் ரத்தம் ரத்தமாக வாந்தியெடுத்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. குடல்புண் என்று எழுதினார்கள். ஒழுங்காகச் சாப்பிடவே மாட்டாள் என்று அப்பா அழுதார். மாத்திரைதான் காரணம் என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். உன்னுடையதைப் போல மெதுவாகக் கரையும் மாத்திரையை நசுக்கினால், நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் வயிற்றில் இறங்கி அதைப் புண்ணாக்கிவிடும். ஒரே ஒரு வரி, அம்மா. இறால் உரிக்கிறவளுக்கு அந்த வரி தேவையில்லை என்று எவன் முடிவு செய்தான்? கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த நான் ஏன் கேட்கவில்லை?

இன்று காலை மேரியக்கா வந்தாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவள். முந்தானை முடிச்சில் அதே பேரில்லாத துண்டு.

"உங்கம்மாக்கு நசுக்கிக் குடுப்பியாமே, எனக்கும் குடும்மா. நேரமாவுது."

பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாய்.

"அப்படி நசுக்கித்தான்க்கா எங்கம்மாவ கொன்னேன்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முனையில் வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நாளைக்கு நானும் அந்த முனைக்குப் போகிறேன், அம்மா. வேன் ஏறுகிற ஒவ்வொருத்தியிடமும் நடந்ததைச் சொல்வேன். உன் பேரோடு, என் பேரோடு. எலிக்குக் கிடைத்த மருந்து அவர்கள் கைக்கு வரும்வரை தினமும் சொல்வேன்.

உன் கொசுவத்தைச் சொருகிய அதே கையால்,
உன் மகள் செல்வி