லேசானதுதான் என்றார் டாக்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். அண்ணனும் அண்ணியும் நலம், குழந்தையும் நலம் என்று டாக்டர் சொல்கிறார். நீயும் நலம் என்று போனில் நீயே சொல்கிறாய். சொன்னதையெல்லாம் நம்பிவிடும் ஆள் நான் இல்லை. வேலைக்காலம் முழுக்கப் பேருந்தில் டிக்கெட் பரிசோதித்தவன், டிக்கெட் எடுக்காதவன் முகம்தான் வண்டியிலேயே தெளிவாக இருக்கும்.

குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒரு குறை தெரிந்தது என்று சொன்னேன் அல்லவா, உடம்பு தன் கொழுப்பை எரித்துச் சக்தியாக்க முடியாத குறை, தாய் தகப்பன் இரண்டு பேர் வழியாகவும் வந்து சேர்ந்தால்தான் வருமாம். நேரத்துக்குப் பால் குடித்தால் பயமில்லை, வயிறு காய்ந்தால் ஆபத்து. அது எவ்வளவு கடுமை என்று அறிய மறுபடியும் ரத்தம் எடுத்து, அந்த ரத்த அணுக்கள் எவ்வளவு கொழுப்பை எரிக்கின்றன என்று அளந்து, போன வாரம் லேசான வகை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி அழுதேவிட்டாள். நான் மட்டும், "எப்பவும் லேசாவே இருக்கும்னு எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். அண்ணன் என் காலை மிதித்தான். டாக்டர் கோபிக்கவில்லை. "எழுதித் தர முடியாதுங்க, குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பால் குடிக்காம கிடந்தா என்ன ஆகும்னு இந்த அளவை வச்சு முழுசா சொல்ல முடியாது" என்றார். அப்போதுதான் அந்த மனுஷர் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை. அண்ணி பால் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனால், அவசரத்தில் அரைவயிறுதான் கொடுத்திருப்பாள் என்று உன் அம்மா ஒரு புட்டி கொடுப்பாள், அம்மாவுக்கு மறதி என்று அண்ணன் இன்னொன்று, இவர்கள் மூவரும் போனையே பார்க்கிற கூட்டம் என்று நான் ஒன்று. செவ்வாய்க்கிழமை குழந்தை கக்கு கக்கென்று கக்க, பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக யார் பால் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நாலு பேரும் கையைத் தூக்கினோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இனி அண்ணியைக் கேட்காமல் யாரும் புட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

சிரித்து முடித்ததும், குடும்பத்தில் வேறு யாருக்காவது பட்டினி கிடந்தாலோ ரொம்ப ஓடினாலோ உடம்பு முடியாமல் போகுமா என்று கேட்டார். உன் அம்மா சட்டென்று உன்னைச் சொன்னாள். உடற்பயிற்சி என்று நெடுந்தூரம் ஓடிவிட்டு வந்த அன்று உனக்குத் தொடையெல்லாம் முறுக்கிக்கொண்டு, சிறுநீர் காபி நிறத்தில் போனதாமே. "அப்பா கிட்ட சொல்லாதேம்மா, தொணதொணப்பாரு" என்றாயாமே. டாக்டர் முகத்தில் சிரிப்பே இல்லை. சிலருக்கு வளர்ந்த பிறகுதான் இது வெளியே தெரியுமாம். குழந்தைக்குப் பாதிக் குறையைத் தந்தவன் அண்ணன் என்றால், அவனுக்கு அது நானோ அம்மாவோ கொடுத்தது, மற்றவரிடமும் இருந்தால் உனக்கு முழுதாகவே வந்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகளே.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அங்கே ஒரு டாக்டரிடம் போ, குழந்தையின் குறையைச் சொல், ரத்தம் கொடு. முடிவு வரும்வரை ஓட்டம் வேண்டாம், உடம்பைக் குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விடவும் வேண்டாம். சாப்பிட்டேன்பா என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. காய்ச்சல், வாந்தி என்றால் தனியாகப் படுத்துக் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. என் சந்தேகம் பலித்தபோதெல்லாம் உள்ளூர மகிழ்ந்தவன் நான். இந்த ஒரு தடவை, கிழவன் வீணாகப் பயந்தான் என்று நீ என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

நோய் நொடி அண்டாமல், வயிறு வாடாமல் நூறு வயது இரு. முடிவு எதுவானாலும் அம்மாவிடம் அல்ல, முதலில் என்னிடம் சொல்.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பாமல், உன்னையே நினைத்திருக்கும்
அப்பா