சேர்ச் வளவுக் கிணறு

அக்கா,

இன்று காலை சேர்ச் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அந்த ஈர வாசம் காற்றோடு என் குசினிவரை வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு உங்களோடு கதைக்க உட்கார்ந்தேன். நீங்கள் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு இதுவே முதல் தடவை.

முஸ்லிம் சனத்தையெல்லாம் இயக்கம் மன்னாரிலிருந்து விரட்ட, கைப்பிள்ளையோடு வந்து இந்தக் கரையில் இறங்கியபோது, எங்கள் ஓலைக் கொட்டில்களைச் சுற்றி எங்கே தோண்டினாலும் உப்புத்தான். இங்கிலீஷ்காரர் கட்டிய அந்தச் சேர்ச் வளவுக் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். உபதேசியாராக இருந்த உங்கள் புருஷன் காலமான பிறகு, பின்பக்கச் சின்ன வீட்டில் நீங்கள் தனியே இருந்தீர்கள். குடத்தோடு தயங்கி நின்ற என்னிடம், "ஏன் கேட்டடியில நிக்கிறீங்க? வந்து அள்ளுங்கோ பிள்ளை" என்றீர்கள்.

ஒரு நாள் சேர்ச்சுக்குள்ளே கூட்டிப்போய்ச் சுவரிலிருந்த நினைவுக்கல்லை வாசித்துக் காட்டினீர்கள். உப்பளத்துக்குப் பொறுப்பாய் வந்த துரையின் மனைவி. பிள்ளைப்பேற்றில் இறந்தவள்.

"அவவின்ட கிராமத்துச் சேர்ச் மாதிரியே இருக்கோணும் எண்டுதான் துரை இதைக் கட்டத் தொடங்கினவராம். முடியிறதுக்குள்ள அவவை இங்கேயே தாட்டாச்சு. ஊர் விட்டு வந்தது நீங்க மட்டும் இல்லை."

எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. பயமாக இருந்தது.

நாட்டுச் சண்டை முடிந்து மன்னாருக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் வளவு காடாய்க் கிடந்தது. திரும்பி உங்கள் கிணற்றடிக்கே வந்தேன்.

பிறகு அந்த உயிர்த்த ஞாயிறு. எங்கள் மார்க்கத்தின் பேரைச் சொல்லிச் சிலர் சேர்ச்சுகளில் குண்டு வெடிக்க வைத்ததில் அத்தனை சனம் செத்த நாள். அடுத்த வாரம் கேட்டில் சங்கிலி தொங்கியது. பக்கத்தில் ஒரு காவல்காரர். அபாயா போட்டவர்கள் உள்ளே வரக்கூடாதென்று சபையார் முடிவெடுத்திருந்தார்கள். வெறுங்குடத்தோடு திரும்பினேன்.

"நில்லுங்கோ. குடத்தைத் தாங்கோ."

"வேணாம் அக்கா, உங்கட இடுப்பு..."

"என்ட இடுப்பை நான் பாக்கிறன்."

கேட்டுக்கு மேலால் வாங்கி, அள்ளி நிரப்பி, மேலாலேயே தந்தீர்கள். நோன்பு தொடங்கிய பிறகும் அப்படித்தான். ஒரு நாள் பின்னேரம், அசர் தொழுகை நேரம், கிணற்றடி ஈரத்தில் வழுக்கி விழுந்தீர்கள். கம்பிக்கு வெளியே நின்று கத்தினேன். காவல்காரர் உள்ளே ஓடும்போதும் "நீங்க வெளியில நில்லுங்க" என்றார். உங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டோ என்னைக் கடந்தபோது நீங்கள் சொன்னது, "வீட்டை போங்கோ பிள்ளை. ஆக்கள் கூடுதுகள். இங்க நிக்காதேங்கோ."

ஆஸ்பத்திரிக்கு வர என் மகன் விடவில்லை. எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்துகொண்டிருந்த நாட்கள் அவை. இடுப்பு முறிந்து படுத்த நீங்கள் எழும்பவேயில்லை.

உங்கள் அடக்கத்தன்று எதிர்ப்பக்கத்துத் தென்னந்தோட்ட வேலியோரம் நின்றேன். போகிற வழியில் உங்கள் சபைப் பெண் ஒருத்தி என்னைக் காட்டிப் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னாள்: "இவவுக்குத் தண்ணி அள்ளப் போய்த்தான்."

இப்போது சங்கிலி இல்லை. புதிதாக வந்த பாதர் வீடு தேடி வந்து, பழையபடி வந்து அள்ளச் சொன்னார். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதென்று சொல்லி அனுப்பினேன். குழாய் வரவில்லை, அக்கா. தண்ணீர் பவுசர் வரும் நாளில் வரிசையில் நிற்கிறேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பொய் சொல்லவில்லையே. அதைத்தான் என்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.