உள்ளேதான் போனது

ஜூலை 6, சனி
காலையில் தூறல், பிறகு வெயில். மகள் தர்ஷினியின் ரகர் மேட்ச், ரக்பிதான், ஏழு பேர் ஆட்டம். கோலுக்கு உதைப்பவள் அவள்தான். பந்தைக் கீழே விட்டு, தரையில் பட்டு எழும்போது உதைக்க வேண்டும். உதைத்தாள். இரண்டு கம்பத்துக்கும் நடுவே, குறுக்குக் கம்புக்குக் கீழே போனது. எழுந்து நின்று கைதட்டினேன். மைதானத்தில் தட்டியது நான் ஒருத்தன்தான். மேலால் போனால்தான் புள்ளியாம். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் ஃபுட்போல் ஆடி வளர்ந்தவனுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.
குடையை விட்டுவிட்டு வந்தேன். அது வேறு.

ஜூலை 13, சனி
மழை இல்லை, காற்று. சிநேக மேட்ச். கம்பத்தடியில் கொடி பிடிக்க ஆள் இல்லாவிட்டால் பள்ளிக்கு ஒருவர் தருவது வழக்கம். எங்கள் பக்கம் சும்மா நின்றவன் நான். டீச்சர் கொடியைத் தந்து, "அங்கிள், மேலால போனா மட்டும் தூக்குங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
கடைசி நிமிடம். அவர்கள் 21, நாங்கள் 20. தர்ஷினியின் உதை. போனால் வெற்றி. ஒரு கம்பத்தடியில் நான், மற்றதில் எதிர்ப்பள்ளி மாஸ்டர். என் கொடி மேலே, அவர் கொடி கீழே. ரெஃபரி அவர் பக்கம் சாய்ந்தார். புள்ளி இல்லை.
மாஸ்டர் என்னிடம், "உங்க மகள்தானே?" அவ்வளவுதான். சிரிப்பு வேறு. அந்தப் பிள்ளைகள் அவருக்கு யாராம்? அவர் பிடித்தால் கொடி, நான் பிடித்தால் மோசடி. நல்ல நியாயம்.

ஜூலை 14, ஞாயிறு
புட்டு, கட்டசம்பல். இறங்கவில்லை. ரகர் மேலிடத்துக்குப் புகார் சொல்லி ஒரு பெட்டிசம் எழுத உட்கார்ந்தேன். மூன்று வரிக்கு மேல் சிங்களம் வரவில்லை. மனைவி கமலா: "ஒரு பந்துக்கு இம்புட்டு கோவமா? எழும்புங்க, போய் தேங்கா வாங்கிட்டு வாங்க."
தேங்காய், நெருப்புப்பெட்டி, குடை.

ஜூலை 15, திங்கள்
கடைக்கு ஆணி, பெயின்ட் வந்தது. பக்கத்துக் கடை நிஸாம் சிரித்துக்கொண்டே வந்தான்.
"மூர்த்தி அண்ணன், மகள்ட கோணல் உதைக்குக்கூட கொடி தூக்கினீங்களாமே?"
"உள்ளதான்யா போச்சு. நான் அடியிலயே நின்னேன்."
"வாப்பாமாருக்கு எல்லாம் உள்ளுக்குத்தான் போகும்."
இனி அவனுக்கு என் காசில் டீ இல்லை.

ஜூலை 16, செவ்வாய்
தர்ஷினி பயிற்சிக்குப் போகவில்லை. ஆடும்போது போடும் சப்பாத்து ஜோடி கட்டிலுக்கு அடியில். இனி உதைக்க மாட்டாளாம், வேறு யாராவது உதைக்கட்டுமாம்.
"எனக்கு நேராப் போன மாதிரிதான் இருந்துச்சு. வெளிய போயிருந்தா வெளியன்னு சொல்லுங்கப்பா. நீங்கதானே அடியில நின்னீங்க."
"உள்ளதான் போச்சு."
"பார்த்தீங்களா?"
"பின்ன? அந்த மாஸ்டருக்குத்தான் கண்ணு தெரியல."
என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தை இழுத்து மண்ணைத் தட்டினாள். இப்போது வீட்டுக்குப் பின்னால், உடுப்புக் காயும் கயிற்றுக்கு மேலால் உதைக்கிறாள். கமலா ஏசுகிறாள்.
அன்று மேட்ச்சில் அவள் பந்தைக் கீழே விட்ட உடனே நான் கண்ணை மூடிக்கொண்டதையும், எங்கள் பக்கத்துச் சத்தம் கேட்டுத்தான் கொடியைத் தூக்கியதையும் சொல்லவில்லை.