நான்கு மணி நேரமாக அசைவு இல்லை

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நான்கு வருஷம் கழித்து எழுதுகிறாளே, வெட்கமில்லையா என்று கேட்டால், இருக்கிறது. உங்கள் அச்சகத்தில்தான் எங்கள் கிடங்குக்கு லேபிள் அடிக்கிறார்கள். போன வாரம் உங்கள் மேலாளர் லேபிள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, "எங்க புரூஃப் பாக்குற அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ஆறு மணி நேரம் எழுந்திருக்க முடியாம கிடந்தாங்களாம், பாவம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இத்துடன் ஒரு பெட்டி வரும். அதில் உள்ளங்கை அளவில் இருக்கிற பச்சைப் பலகைதான் கம்ப்யூட்டர். சிரிக்காதீர்கள், முழுக் கம்ப்யூட்டர். வெள்ளை டப்பாக்கள் நான்கும் சென்சார்கள். கூடம், சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று ஆளுக்கொரு இடம். ஆள் நடமாடினால் பலகைக்குச் சொல்லும். வாசல் கதவுக்கு ஒரு காந்தத் துண்டு, நீங்கள் வெளியே போயிருக்கிறீர்களா என்று அறிய. வீட்டுக்குள் நான்கு மணி நேரம் யாரும் அசையாவிட்டால் பலகை போனுக்குச் செய்தி அனுப்பும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அதற்கும் தூக்கம். கிடங்கில் என் வேலையே இதுதான்: எந்தக் குளிரறையில் சூடு ஏறினாலும் உடனே தெரிய வேண்டும். மருந்துப் பெட்டிகளுக்குப் பார்க்கிறவள் உங்களுக்குப் பார்க்க மாட்டேனா?

செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். போனில் பேசினால் இங்கே எல்லார் காதும் நீளும். அம்மாவும் நானும் இன்னும் அண்ணன் வீட்டு மாடியில்தான். கிடங்கு விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள்
வாண்டு


மார்ச் 15

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் பதினொன்றாவது வயதில் நான் வைத்த பெயர். முப்பத்து மூன்றிலும் அதையே போட்டுக் கையெழுத்திடுகிறாய். படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வேறு என்னவோ வந்தது.

பெட்டி வந்தது. நகத்தளவு மெமரி கார்டு ஒன்று வைத்திருந்தாயே, அதை எடுத்த கையோடு அடுப்புக்குப் பின்னால் போட்டேன். டார்ச் அடித்து, அடிஸ்கேலால் நெம்பி எடுப்பதற்குள் ஒரு மணி நேரம். பலகையை டிவியில் மாட்டினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், யாரையோ திட்டுகிற வேகத்தில் ஓடின. நீ எழுதித் தந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். எதைத் தட்டினாலும் அப்படி ஒன்று கிடையாது என்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்கப் போராட்டம். கடைசியில் பார்த்தால், உன் வரிகளின் முடிவில் முற்றுப்புள்ளி இல்லாததைக் கண்டு நானே ஒவ்வொன்றுக்கும் போட்டிருக்கிறேன்! இருபத்தைந்து வருஷம் புரூஃப் பார்த்த கை, சும்மா இருக்குமா? புள்ளிகளை எடுத்ததும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டது. டப்பாக்களையும் ஒட்டிவிட்டேன். நான் சமையலறைக்குப் போனால் 'சமையலறை' என்று திரையில் எழுதுகிறது. பெரிய துப்பறிவாளர்தான்.

எல்லாம் முடிந்து இரண்டு கட்டங்கள் மிஞ்சின. ஒன்று, வீட்டின் பெயர். இன்னொன்று, தகவல் யாருக்குப் போக வேண்டும், அவர் போன் எண். இந்த இரண்டாவதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அச்சக மேலாளர் நல்ல மனுஷர், ஆனால் அவருக்கும் எனக்கும் லேபிள்தான் உறவு. என் அக்காவுக்கு அனுப்பினால் அவள் விமானம் ஏற வேண்டும். எதிர்வீட்டில் மாதத்துக்கு ஒரு முகம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போட ஆள் இல்லை. இன்றைக்கு வரை அந்தக் கட்டம் காலிதான்.

இப்படிக்கு
நான்


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

'நான்' என்றால் யார்? கோர்ட்டில் உங்களை அண்ணனிடமிருந்துதான் பிரித்தார்கள். என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை.

வீட்டின் பெயர்: அண்ணி வீடு. போன் எண்: என்னுடையது, பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு பஸ் மாறினால் ஐம்பது நிமிஷம். இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

உங்கள்
வாண்டு


ஏப்ரல் 12

அன்புள்ள வாண்டுவுக்கு,

நேற்று நீ கதவை இடித்த இடியில் எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். நான் கையில் சிவப்புப் பேனாவோடு திறக்கிறேன், நீ மூச்சு வாங்க, "உயிரோட இருக்கீங்களா?" என்கிறாய். நல்ல விசாரிப்பு!

டப்பா மேல் தப்பில்லை. வேலையில் உட்கார்ந்தால் நான் அசைவதே இல்லை, விரல் மட்டும்தான் நகரும். அதற்கு அது போதவில்லை. வெயிலில் காய்ந்த திரைச்சீலை ஆடினால் ஆள் என்கிறது, நான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தால் ஆள் இல்லை என்கிறது. உன் அண்ணனோடு பதினெட்டு வருஷம் ஒரே கூடத்தில் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். அவரும் அப்படித்தான் கணக்கெடுத்தார். சரி, விடு.

நீ டீ குடித்தாய், ஒரு மணி நேரம் இருந்தாய். உன் மேலதிகாரியைப் போல நடித்துக் காட்டினாயே, இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. நீ போன பிறகும் பேச்சு நிற்காமல் கொஞ்ச நேரம் அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன். நான்கு வருஷத்தில் இந்தக் கதவைத் தட்டி உள்ளே வந்து உட்கார்ந்த முதல் ஆள் நீ.

உன்
அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். சாப்பாட்டு மேஜையில் என் போன் கிடந்தது. 'அண்ணி வீடு: நான்கு மணி நேரமாக அசைவு இல்லை' என்று திரை முழுக்க வந்தது. அவர் மனைவிதான் முதலில் படித்தாள். "அண்ணியா? அண்ணி நான் இங்கதானே உக்காந்திருக்கேன்?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

நான் மொட்டை மாடிக்கு ஓடி உங்களுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தீர்கள். அப்பாடா என்றிருந்தது. கீழே வந்தால் அண்ணன், "இந்த வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பக்கமும் உறவு வெச்சுக்க முடியாது, பாத்துக்க" என்றார். அம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டில் இருக்கும்போது மட்டும் அந்தச் செய்திக்குச் சத்தத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். கொஞ்ச நாள்தான். ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள்
வாண்டு


மே 27

வாண்டு,

உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஞாயிறு நான் புரூஃப் பார்க்கவில்லை. மேஜையில் ஒரு தாள்கூட இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி நேரம் ஆனபோது எழுந்து கையை ஆட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. நான்கு மணி நேரம் ஆனால் நீ வருவாய் என்று தெரியும். டீக்குத் தண்ணீர் அளந்து அடுப்பில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். போனை முதல் மணியிலேயே எடுத்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

குழந்தைக்குப் பிறந்தநாள் என்று எனக்குத் தெரியாது. குழந்தை இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ, என்னை நம்ப முடியவில்லை. நாற்பத்தெட்டு வயசில் இப்படி ஒரு புத்தி. ஒருத்திக்கு இருக்கிற வீட்டையும் கெடுக்கப் பார்த்தேன்.

உன் எண்ணை எடுத்துவிட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டால் பலகை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் என் எண்ணையே போட்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் ஒரு தடித்த புத்தகத்தில் மூழ்கியிருந்தேன். போன் அதிர்ந்தது. நான்கு மணி நேரமாக அசைவு இல்லை என்று எனக்கே செய்தி. "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறை வரைக்கும் ஒரு நடை போய்வந்தேன்.

இப்படிக்கு
நான்


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பதில் எழுதாமல் மூன்று வாரம் மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். அதுவரைக்கும் போனில் எதுவும் வராமல் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மறைக்கவில்லை, நான் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

அண்ணனோடு சண்டை போட்டு வெளியே வர எனக்குத் தைரியம் கிடையாது. சரியாக நடக்க முடியாத அம்மாவை அழைத்துக்கொண்டு எங்கே போவேன்? ஆனால் ஆறு மணி நேரம் நீங்கள் ஈரத் தரையில் கிடந்ததையும், உங்களுக்கு நீங்களே பதில் சொல்வதையும் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. சொல்லக் கூசுகிறது. கிடங்கிலிருந்து எந்த நேரம் செய்தி வந்தாலும் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் ஓடுவது அவர்களுக்குப் பழகிப்போனது. பலகையில் என் எண்ணைத் திரும்பப் போடுங்கள். வீட்டின் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். 'குளிரறை 3' என்று. எங்கள் கிடங்கில் இரண்டுதான்.

வாசல் சாவிக்கு ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். போன தடவை கதவை இடித்தபோதுதான் தோன்றியது, நீங்கள் திறக்க முடியாத நிலையில் இருந்தால் நான் வெளியே நின்று என்ன செய்வேன்?

மாட்டேன் என்று எழுதினாலும் தப்பில்லை.

உங்கள்
வாண்டு


ஜூன் 26

அன்புள்ள வாண்டுவுக்கு,

மாற்றிவிட்டேன். நானே தட்டினேன், குளிரறை, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் மூன்று. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போக்கிடம் இல்லாமல் அதுவே போய்விட்டது.

அன்றைக்கு விழுந்து கிடந்தபோது ஆறு மணி நேரமும் நான் யாரையும் கூப்பிடவில்லை, தெரியுமா? குரல் நன்றாகத்தான் இருந்தது. என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. இனி விழுந்தால் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறது. நான் எந்தப் பெயரில் கிடந்தால் என்ன?

சாவியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்திருக்கிறேன். திருப்பும்போது கதவைக் கொஞ்சம் உன் பக்கம் இழுத்துக்கொள், இல்லாவிட்டால் திறக்காது. வேண்டுமென்றே உட்கார மாட்டேன், இது சத்தியம். நீ வராமலே இருந்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று வைத்துக்கொள். நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இனிக் கடிதமும் வேண்டாம். கிடங்கில் யாராவது பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் இதுவும் போய்விடும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. கீழே போட்டிருக்கிற கையெழுத்து அப்படி.

உன்
அண்ணி