வதனிக்குப் பிறந்த வீட்டுக் கோடி

வதனிக் கண்ணு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. சரவணம்பட்டியில் நீ இருந்த எங்கள் மாடி வீட்டை வேறு யாருக்கும் வாடகைக்கு விட மனசு வரவில்லை. "பூட்டியே வெச்சிருந்தா பேய்தான் குடி வரும்" என்கிறார் என் வீட்டுக்காரர். "வந்தா வரட்டுமுங்க, நம்ம வதனிதானே" என்றேன்.

மகளை ஊரில் விட்டுவிட்டு, திருகோணமலையிலிருந்து உன் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க நீயும் உன் வீட்டுக்காரரும் வந்து இறங்கியபோது, குணமானதும் கிளம்பிவிடுவீர்கள் என்றுதான் சாவியைக் கொடுத்தேன். மருந்து ஏற்றிக்கொண்டு வந்து, வாந்தியெடுத்துக் களைத்துக் கிடக்கும்போதும், "எனக்குச் சுகம் வந்திடும்தானே அக்கா?" என்பாய். "வராம எங்க போகும்? மொதல்ல இந்தக் கஞ்சியக் குடி" என்று அதட்டுவேன். நான் சொன்னதை நீ நம்பினாயா, கண்ணு?

நீ கண்ணை மூடியதும் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை எங்கள் வாசலுக்குத்தான் கொண்டுவந்தோம். எங்கள் பக்கத்தில் கல்யாணமானவள் இறந்தால், பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். தெருப் பெரியவர் ஒருவர் வழக்கம்போலக் கேட்டுவிட்டார்: "பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சுங்களா?"

உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அவவுக்கு ஒருத்தரும் இல்லை ஐயா. சண்டையில எல்லாரும் போயிட்டினம்."

நீ என்ன அநாதையா? அவிநாசியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டேன். "டேய், மாடி ஊட்டு வதனி போயிட்டாடா. பொறந்த ஊட்டுக் கோடி நாமதான் போடோணும், எடுத்துட்டு வா." உன்னை இரண்டொரு தடவை பார்த்தவன்தான். மறுபேச்சில்லாமல் அரக்குச் சேலையோடு வந்து நின்றான். உனக்குப் போர்த்திவிட்டு, என்னைவிட அவன்தான் அதிகம் அழுதான்.

போன வாரம் உன் வீட்டுக்காரர் ஊரிலிருந்து பேசினார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். "தாய் வழியில சபையில நிக்க ஆள் இல்லை, அதுதான் கவலையாக் கிடக்கு அக்கா" என்றார். வந்ததே கோபம் எனக்கு! "கோடி போட்ட நாங்க செத்தா போயிட்டோம்?" என்று கேட்டுப்போட்டேன். அந்தப் பக்கம் அவர் அழுதுவிட்டார்.

நானும் தம்பியும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ஏரோப்ளேன் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். ஆனால் அந்த உடம்போடு நீ வந்தாயே, நான் வரமாட்டேனா? உன் மகளுக்குத் தாய்மாமன் சீர் கோயமுத்தூரிலிருந்து வரும். மணவறையில் உட்கார்ந்து அவள் உன்னைத் தேடுவாள். அப்போது அவளுடைய அம்மா வீட்டு ஆட்களாக நாங்கள் முன்னால் நிற்போம்.

இப்படிக்கு,
உன் பொறந்தவ,
சரஸ்வதி