எண்பத்தெட்டு கட்டை எந்த வீட்டில்

அரியலூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பூவிழிக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவும் ஆடுமாடுகளும் சுகம், என் மனசு ஒன்றுதான் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருக்க மாரியாத்தா துணையிருப்பாள். போன் இருக்க அம்மா எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் மகள் முத்தமிழ்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் இல்லாத நாளில் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார். இது அவர்கள் முன்னால் பேசுகிற பேச்சு இல்லை. அஞ்சாங்கிளாஸ் எழுத்து, கோணலாக இருக்கும், நிதானமாகப் படி.

விஷயம் நீ வாங்கித் தருகிறேன் என்ற பியானோக் கட்டைதான். பிள்ளை காலேஜுக்காக வாரம் முழுக்கப் பெரம்பலூரில் உன் மாமியார் வீட்டில் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி இங்கே வருகிறாள், திங்கள் காலையில் போய்விடுகிறாள். அவர்களுக்கு ஐந்து நாள், எனக்கு இரண்டு நாள், இந்தப் பங்கை யார் பிரித்தது என்று நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளோடு அந்தச் சின்னக் கீபோர்டும் பையில் ஏறி இறங்குகிறது. டிசம்பரில் பியானோப் பரீட்சை, அங்கே நிஜப் பியானோவில் உட்கார வைப்பார்களாம். லேசான கட்டையில் பழகின விரல் அங்கே போய்த் திணறும், முழு அளவாகக் கனமான கட்டையாக வாங்குங்கள் என்று திருச்சியில் சொல்லித்தருகிற டீச்சர் சொல்லிவிட்டார். மூன்று பேரும் கடைக்குப் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாய் நீ. மூன்றாவது ஆளாக உன் மாமியார் எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருப்பேன், மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தார், வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்குள் கால் வைத்ததிலிருந்து உன் மாமியார் சுந்தராம்பாள் ராஜ்யம்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டின குரல் இல்லையா, “வெயிட்டட் கீ இருக்கிறதை எடுங்க, சத்தம் கித்தம் நெறைய வேணாம், கட்டைதான் முக்கியம்” என்று கடைக்காரரை விரட்டுகிறாள். எல்லாம் முத்தமிழ் சாப்பிடும்போது சொல்லிக் கேட்டதுதான், ஐந்து நாள் காதில் விழுந்தால் எனக்கும்தான் வரும். நான் எனக்குப் பிடித்ததைப் பார்ப்போம் என்று நடுவில் இருந்த நீளமான ஒன்றில் கையை வைத்தேன், எண்பத்தெட்டு கட்டை, நம் வீட்டுக் கட்டில் அகலத்தைவிட நீளம். அழுத்துகிறேன், சத்தமே இல்லை. இன்னொன்றை அழுத்துகிறேன், அதுவும் ஊமை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, “ஏங்க, கெட்டுப்போன சாமானை மேல தூக்கி வச்சு யாவாரம் பண்றீங்களே, நாங்க கிராமத்து ஆளுங்கன்னா?” என்று சத்தம் போட்டுவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. உன் மாமியார் வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், “சம்பந்தியம்மா, அது தானா பாடாதுங்க, கம்ப்யூட்டர்ல வயர் சொருவுனாத்தான் பாடும், அதுக்குப் பேரே கண்ட்ரோலருங்க” என்கிறாள். இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா. முத்தமிழ் சிரிக்கவில்லை, அதை நான் பார்த்துக்கொண்டேன். ஆனால் வயரைச் சொருகி ஹெட்போனை எடுத்தவள் முதலில் அவள் அப்பத்தா தலையில்தான் மாட்டினாள். கிட்டே நின்றது அவள்தான், ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் அம்மாயி நானும் ஒரு எட்டு தள்ளித்தான் நின்றேன். உன் மாமியார் போன் அடித்தால் முத்தமிழ் போட்ட பாட்டு வருகிறது, தெரியுமா உனக்கு? என் போன் இன்னும் கடையில் வாங்கின நாளில் அடித்த மாதிரியே அடிக்கிறது.

சரி, அதை விடு. என் காதுக்கும் ஒரு வழியாக ஹெட்போன் வந்தது, தோட்டை நசுக்கி வலி உயிர் போயிற்று, கழற்றவில்லை. அங்கே மூன்று விதம் இருந்தது, நீ ஆன்லைனில் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒன்று தோளில் மாட்டிக்கொண்டு போகிற அறுபத்தொரு கட்டை. இன்னொன்றில் எண்பத்தெட்டும் இருக்கிறது, ஆனால் உள்ளே ஸ்பிரிங், தொட்டால் துள்ளுகிறது, எண்ணிக்கையைப் பார்த்து அதை வாங்கிவிடாதே. மூன்றாவதுதான் நான் சண்டை போட்ட ஊமை. நம் பழைய அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா, தண்ணீர் ஏறாதபோது பிடி தொளதொளவென்று ஆடும், ஏறிவிட்டால் கைக்கு ஒரு கனம் வரும், அழுத்தினால் அதுவும் நம்மைத் திருப்பி அழுத்தும். அந்த மாதிரி. இடது கைப்பக்கம் கனம் அதிகம், வலது பக்கம் போகப் போகக் குறைகிறது, பியானோவும் அப்படித்தானாம். முத்தமிழ் அதில் உட்கார்ந்து வாசித்தாள் பார், நாக்கு நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. நீ சைக்கிள் பழகும்போது வைத்திருப்பாயே, அதே நாக்கு. அது நம் பக்கத்து நாக்கு, உன் மாமியாருக்கு அது தெரியாது.

அதோடு வீடு திரும்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைக்காரர் எந்த ஊருக்கு அனுப்பணும், கனமான சாமான், ஒரு இடத்தில் வைத்தால் அசைக்கக் கூடாது என்றார். உன் மாமியார் “பெரம்பலூர், துறைமங்கலம்” என்கிறாள், நான் “அரியலூர்” என்கிறேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில். “எங்க வூட்ல மாடி ரூம் சும்மா கெடக்குது” என்கிறாள் அவள். “எங்க வூட்ல மட்டும் கூரையா இல்ல?” என்கிறேன் நான். எனக்குத் தெரியாதா பூவிழி, அந்தக் கட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளை இருப்பாள். அங்கே போட்டால் என் இரண்டு நாளும் போயிற்று. முத்தமிழ் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், எழுந்தாள், “அண்ணா, முதுகுல தூக்கிட்டுப் போற மாதிரி அந்த அறுபத்தொண்ணையே குறிச்சுக்குங்க, எனக்கு இது போதும்” என்று சொல்லிவிட்டாள். உனக்கும் போனில் அப்படித்தானே சொல்லியிருப்பாள். அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறைக்க மாட்டேன். எனக்கு இல்லை என்றாலும் உன் மாமியாருக்கும் இல்லை அல்லவா.

நானும் சும்மா இருக்கவில்லை. முத்தமிழ் மனசை மாற்றிப் பெரியதையே இங்கே கொண்டுவரலாம் என்று பீரோவை நகர்த்த ஆள் கூப்பிட்டேன். உன் அப்பா “சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டுல வூட்டக் கட்டி வச்சிக்கிட்டு ஒனக்குப் பியானோ கேக்குதா? வாரா வாரம் மாவு சலிக்கிற மாதிரி அதைச் சலிச்சு வைப்பியா?” என்று கிண்டல் பண்ணினார். ஜன்னலைச் சாத்தி என் கல்யாணப் புடவையைப் போட்டு மூடுவேன் என்றேன். ஆனால் போன சனிக்கிழமை முத்தமிழ் சின்னக் கீபோர்டை வெளியே எடுத்து ஒரு பிரஷ்ஷால் கட்டைக்குக் கட்டை தூசி தட்டிக்கொண்டிருந்தாள், இரண்டு கட்டை அமுங்கினது எழவே இல்லை. இங்கே வந்து போவதில் சேர்ந்த தூசி. பிறகு சாப்பாட்டு மேஜையில் வைத்து வாசித்தாள், நான் காபி கொண்டுபோனேன். காதில் ஹெட்போன், நான் வந்தது தெரியவில்லை. இடது கை போகப் போகக் கீபோர்டு முடிந்துவிட்டது, கை நிற்கவில்லை, அதற்கு அப்பால் வெறும் மேஜைப் பலகையில் டொக் டொக் என்று வாசித்துக்கொண்டு போகிறது, இல்லாத கட்டையை இருக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி. நாக்கு அந்த ஓரத்தில் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்கும் உன் மாமியாருக்கும் நடக்கிற சண்டைக்குப் பிள்ளை மரப்பலகையில் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

அதனால் சொல்கிறேன், அறுபத்தொண்ணு வேண்டாம். அவள் எவ்வளவு சொன்னாலும் கேட்காதே. அந்தக் கனமான எண்பத்தெட்டையே வாங்கு, காலால் மிதிக்கிற பெடலும் நகராத மாதிரி உள்ளதாக வாங்கு. பெரம்பலூருக்கே அனுப்பு. உள் தெரு, லாரி வராது, தூசி இல்லை, மாடி ரூமும் சும்மாதான் கிடக்கிறதாம். எழுதும்போதே வயிறு எரிகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன். பரீட்சை முடிகிற வரை அவள் இங்கே அலைய வேண்டாம், சனிக்கிழமை காலை பஸ்ஸில் நான் போய் ஞாயிறு தங்கிவிட்டு வருகிறேன். உன் மாமியார் சாம்பாரில் வெல்லம் போடுவாள், பொறுத்துக்கொள்கிறேன். என் இரண்டு நாளை நான் விடுவதாக இல்லை. இதை நான் சொன்னேன் என்று முத்தமிழிடம் மூச்சு விடாதே, அம்மாயி பாவம் என்று நினைத்துவிடுவாள். உன் மாமியாரிடம் மட்டும் கட்டாயம் சொல், அம்மாதான் உங்கள் வீட்டில் வைக்கச் சொன்னாள் என்று, மாப்பிள்ளையும் கேட்கிற மாதிரி சொல்.

நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்து நூறு வருஷம் நன்றாக இருங்கள். நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் தூங்கு. ஒன்று மறந்துவிடாதே, இரண்டு பேர் சேர்ந்து கேட்கக் கவட்டை மாதிரி ஒரு வயர் இருக்கிறதாம், கடைக்காரர் சொன்னார், அதையும் சேர்த்து வாங்கு. தோடு நசுங்காத மாதிரி பஞ்சு வைத்த ஹெட்போன் ஒன்று என் பேருக்கு. உன் மாமியாருக்கும் ஒன்று வாங்காமல் இருக்க மாட்டாய், தெரியும், வாங்கு, என்னுடையது அதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும்.

உன் அம்மா,
ரத்தினம்மாள்